கீழ்த்தட்டின் அறுபது கத்திகள்

ஜூன் 9, 2025 – திங்கள்

காலையிலிருந்து சணல் கயிறு அறுத்துக்கொண்டிருந்தேன். இதற்குத்தான் மெட்டலர்ஜி டிப்ளமோ படித்தாயா என்று என் கணவர் அருண் கேட்பார்.

மார்க்கெட்டிங்கில் இருக்கும் நீலுக்கு ஒரு பக்கத்தில் ஒப்பீடு வேண்டுமாம். எங்கள் மலிவுக் கத்தி ஒரு பக்கம், எஃகுப் பொடியை இறுக்கிச் செய்த, புதிதாக வரப்போகும் பவுடர் ஸ்டீல் கத்தி மறுபக்கம். மலிவுக் கத்தி 420 என்ற ரக ஸ்டெயின்லெஸ். ஹெப்பாளில் இந்தத் தொழிற்சாலை ஆரம்பித்த நாளிலிருந்து அதைத்தான் செய்கிறோம். "பேரே ஃபோர் ட்வென்டி, மேடம். அதை வெச்சுக்கிட்டு நான் எப்படி விக்கறது?" என்று நீல் எப்போதும் புலம்புவான்.

420 நூற்றுப்பத்தாவது அறுப்பில் மழுங்கியது. பவுடர் ஸ்டீல் அறுநூறு தாண்டியும் காகிதத்தைச் சீவியது. ஆனால் மழுங்கிய 420-ஐக் கல்லில் நான்கே நிமிடத்தில் தீட்டிவிட்டேன். மற்றதைத் தீட்ட முக்கால் மணி நேரம், மணிக்கட்டு விட்டுப்போயிற்று. வைஸ் இடுக்கியில் கவ்வி வளைத்தபோது 420 வளைந்துகொண்டே போய் அப்படியே கோணலாக நின்றது. பவுடர் ஸ்டீல் கொஞ்சம் வளைந்து, படாரென்று இரண்டாயிற்று.

நீல் கயிறு அறுத்த கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டான். "மத்தது வேணாம் மேடம். வாங்கறவங்க கத்தியை வளைச்சா பார்க்கப் போறாங்க?" நானும் சிரித்துவிட்டேன்.

எது நல்லது என்று கேட்டால் நானும் பவுடர் ஸ்டீலைத்தான் சொல்வேன். மாதக்கணக்கில் கூர் போகாத கத்தி. தினமும் அரிகிற கைக்கு வேறென்ன வேண்டும்?

ஜூன் 12 – வியாழன்

முதல் நூற்றிருபது பவுடர் ஸ்டீல் கத்திகள் எஃகைப் பதப்படுத்தும் டெம்பரிங் அடுப்பிலிருந்து வந்தன. இரண்டு தட்டு, தட்டுக்கு அறுபது. மேல்தட்டில் மூன்று, கீழ்த்தட்டில் இரண்டு எடுத்துக் கடினம் பார்க்க வேண்டும். அறுபதிலிருந்து அறுபத்திரண்டுக்குள் இருந்தால் சரி.

மேல்தட்டில் பார்த்தேன். 61, 61, 60.5. கீழ்த்தட்டை இறக்க ஆள் இல்லை. கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் குவெம்புநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். 61, 61.5 என்று மீதி இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரே அடுப்பு, ஒரே எஃகு. வேறு என்ன வந்துவிடப்போகிறது.

ஜூன் 22 – ஞாயிறு

ஊழியர்களுக்கு ஆளுக்கொரு புதுக் கத்தி கொடுத்தார்கள். நான் என்னுடையதை நங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அருணின் அக்கா பழனாத்தாள். எல்லையோரம் ஹனூர் பக்கத்துத் தமிழ் ஆட்கள் நாங்கள். நாத்தனாரை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். அக்ரஹாரத்தில் மெஸ் நடத்துகிறார். பன்னிரண்டு வருடமாக மதியத்துக்கு எழுபது பேருக்குச் சாப்பாடு. அந்த வளையும் கத்தியை வைத்துக்கொண்டு அவர் வெங்காயம் அரிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

ஒரு தக்காளியை எடுத்து மேலே வைத்தார். அழுத்தாமலே இறங்கியது.

"அட சாமி! வெண்ணெய் மாதிரி போகுது கண்ணு. இதுக்கு என்ன போட்டு செய்யறீங்க?"

"வெனேடியம்ங்க நங்கை."

"என்னமோ. நல்லா இருக்குது." அடுப்படியில் கூட வேலை செய்யும் கெம்பம்மாவைத் தொட விடவில்லை. "இது என்ற கத்தி" என்றார். எனக்கு அவ்வளவு பெருமை.

ஜூலை 8 – செவ்வாய்

பதினொரு மணிக்கு நங்கையின் போனிலிருந்து கெம்பம்மா பேசினார். முதலில் ஒன்றும் புரியவில்லை. ரத்தம், ரத்தம் என்றார், அப்புறம் கன்னடத்தில் அழுகை.

நங்கை பரங்கிக்காய் வெட்டியிருக்கிறார். கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது. பிளப்பதற்கு எப்போதும் செய்வதுபோல ஒரு முறுக்கு முறுக்கியிருக்கிறார். கத்தி உடைந்து, கைப்பிடியோடு இருந்த பாதி வழுக்கி, காயைப் பிடித்திருந்த இடது கையில் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல்.

நான் போனபோது ஆஸ்பத்திரியில் கையைச் சுற்றித் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சோறு வடிக்கலையே, எல்லாரும் வந்துருவாங்களே" என்றார்.

இரண்டு விரலிலும் தசைநாண் அறுந்திருக்கிறதாம். மூன்று மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

ஜூலை 9 – புதன்

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்கிறார் டாக்டர். விரல் முழுதாக மடங்குமா என்று கேட்டோம். "மூணு மாசம் பயிற்சி செய்யட்டும், பார்ப்போம்." பார்ப்போம் என்றால்?

இன்று நான் பேசியதை எழுதிவிட வேண்டும். நங்கை கண் திறந்ததும் அருண் எல்லார் முன்பும் என்னைக் கேட்டார், "எப்படி உடைஞ்சுது? நல்ல கத்தின்னுதானே குடுத்தே?"

நான் சொன்னேன்: "அந்தக் கத்தியை முறுக்கவே கூடாதுங்க. நேரா வெட்டி நேரா எடுக்கணும். நான்தான் நங்கைகிட்ட சொல்லியிருந்தேனே."

சொன்னேனா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெனேடியம் என்றேன், அவ்வளவுதான்.

நங்கை என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "சொல்லியிருப்பா. நான்தான் கவனிக்கல" என்றார்.

ஜூலை 12 – சனி

முறுக்கியதால் உடைந்தது. அப்படித்தான். கடினம் கூடக் கூட எஃகு வளையாது, உடையும். இது பாடப்புத்தகத்தில் இருப்பது.

ஆனால் பாதிக் கத்தியாக உடையுமா? வெட்டுவாய் சிதறும், முனை போகும். நட்டநடுவில், ஒரு பரங்கிக்காய்க்கு?

மெஸ்ஸுக்குப் போனேன். மூடியிருந்தது. கெம்பம்மா பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். உடைந்த துண்டுகள் எங்கே என்று கேட்டேன். தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, கன்னடப் பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தார். கொடுக்க மாட்டேன் என்கிறார்.

"அக்கன தப்பல்லம்மா. சாகு மோச மாடிபிட்டித்து." அக்கா மேல் தப்பில்லை, கத்திதான் ஏமாற்றிவிட்டது என்கிறார். "எல்லாரும் அக்காவயே பேசறாங்க. நானு பக்கத்தல்லே நின்னேன். இவங்க ஜோரா, பலமா திருப்பல. மெத்தகே... சும்மா இப்படி." கையைத் திருப்பிக் காட்டினார். ஒரு சாவியைத் திருப்புகிற அளவு.

சோதனை செய்யத்தான் கேட்கிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். உடைந்த இடம் பேப்பரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

ஜூலை 14 – திங்கள்

64.5.

உடைந்த துண்டை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். 64.5, 64, 64.5.

மிஷினில் கோளாறோ என்று, சரிபார்க்கும் கட்டையை வைத்தேன். மிஷின் சரியாக இருக்கிறது.

ஜூலை 15 – செவ்வாய்

காய்ச்சி எண்ணெயில் முக்கிய எஃகு கண்ணாடி மாதிரி இருக்கும். அதை மறுபடி நூற்றெண்பது டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால்தான் அந்தக் கண்ணாடிக் குணம் போகும். டெம்பரிங் என்பது அதுதான். 64.5 என்றால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

அடுப்பைத் திறந்து பார்த்தேன். சூட்டை உள்ளே சுழற்றிவிடும் காற்றாடி நின்றுபோயிருந்தது. அதன் பெல்ட் அறுந்து கீழே கிடந்தது; மேலே படிந்திருந்த தூசியைப் பார்த்தால் ரொம்ப நாளாகியிருக்கும். வெப்பம் அளக்கும் கம்பி மேல்பக்கம்தான் இருக்கிறது. அது நூற்றெண்பது காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மேல்தட்டு வெந்தது. கீழ்த்தட்டு பச்சையாகவே வெளியே வந்துவிட்டது.

கீழ்த்தட்டு.

நான் இறக்காத தட்டு. பஸ்ஸுக்கு ஓடிய அன்று நான் கையால் எழுதிய 61, 61.5.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூலை 16 – புதன்

தேவராஜா மார்க்கெட்டில் மூன்று பரங்கிக்காய் வாங்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். செக்யூரிட்டி சிரித்தார். "ஏன் மேடம், இவத்து ஆபீஸல்லி அடிகேனா?" என்றார், ஆபீஸில் சமையலா என்று.

கிடங்கில் மிச்சமிருந்த இருபத்தொரு கத்தியில் பத்தை எடுத்துக் கடினம் பார்த்தேன். ஆறு சரியாக இருந்தன. நான்கு அறுபத்து நான்குக்கு மேல். பெட்டியில் போடும்போது இரண்டு தட்டையும் கலந்துவிட்டார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

முதலில் மலிவுக் கத்தி. காயில் பாதி இறக்கி, கெம்பம்மா காட்டியதுபோல முறுக்கினேன். வளைந்தது. வெளியே எடுத்துக் கையாலேயே நிமிர்த்தினேன்.

அடுத்து சரியாக வெந்த பவுடர் ஸ்டீல். வெட்டுவாயில் கடுகளவு ஒரு துணுக்குப் போயிற்று, ஆனால் காய் பிளந்தது. கத்தி முழுசாக வந்தது.

மூன்றாவது, கீழ்த்தட்டுக் கத்தி. முறுக்க ஆரம்பித்ததுமே முறிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கைப்பிடி மேஜையில் இடித்தது.

நான் தடித்த தோல் கையுறை போட்டிருந்தேன். நங்கை போட்டிருக்கவில்லை.

அவர் முறுக்கியது தப்பே இல்லை. எல்லாப் பெண்களும் அப்படித்தான் பரங்கிக்காய் வெட்டுகிறார்கள். என் அம்மாவும். நானும்.

ஜூலை 18 – வெள்ளி

ரத்தினவேல் சாரிடம் சொன்னேன். ப்ரொடக்‌ஷன் மேனேஜர், எட்டு வருடம் முன் இந்த வேலையில் என்னைச் சேர்த்தவர். உடைந்த துண்டுகளையும் அளவுகளையும் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கிடங்குல இருக்கறதை ஸ்கிராப்புக்கு அனுப்பிரலாம். பெல்ட் இன்னைக்கே மாத்திரலாம். சரியா?"

"வித்தது, சார்? எழுபத்தொன்பது போயிருக்கு."

"அதுல யாராச்சும் கம்ப்ளெயிண்ட் பண்ணாங்களா?"

"என் நங்கை கை–"

"அது வித்த கத்தி இல்லம்மா. ஸ்டாஃபுக்குக் குடுத்தது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நோடும்மா ப்ரியா, பாரு. ரிப்போர்ட்டை எடுத்தா முதல்ல யார் கையெழுத்து இருக்கு? பெல்ட்டைப் பார்க்காதது என் ஆளுங்க தப்பு, ஒத்துக்கறேன். ஆனா இல்லாத ரீடிங் எழுதினது யாரு? உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன். அல்வா, இல்லையா?"

மிரட்டவில்லை. உண்மையிலேயே எனக்காகத்தான் சொன்னார். அதனால்தான் தலையாட்டிவிட்டு வந்தேனா?

ஜூலை 20 – ஞாயிறு

நங்கையைப் பார்க்கப் போனோம். கையில் மாவுக்கட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாங்கி. விரல்களுக்கு ரப்பர் பேண்ட் கட்டி இழுத்து வைத்திருக்கிறார்கள். மெஸ் இன்னும் திறக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள் என்று கெம்பம்மா சொன்னாராம்.

அருண் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார், "உனக்கு எதுக்கு அக்கா அந்த மாதிரி கத்தி எல்லாம்? பழகின கத்தியே போதும். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு இல்ல."

"ஆமா சாமி. எனக்குத்தான் புடிக்கத் தெரியல."

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. வாய் வரைக்கும் வந்தது. நான் எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனேன். நான்கு டம்ளர். அதைப் பத்து நிமிடம் கழுவினேன்.

ஜூலை 21 – திங்கள்

இன்றும் இல்லை.

ஜூலை 23 – புதன்

நீல் என் மேஜைக்கு வந்தான். வழக்கமான விளையாட்டுப் பேச்சு இல்லை. போனை நீட்டினான். மடிக்கேரியில் ஒரு வீட்டிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் கத்தி, இரண்டு துண்டாக. பாத்திரத் தொட்டியில் தவறி விழுந்ததாம். விழுந்ததற்கே உடைந்திருக்கிறது. யாருக்கும் அடியில்லை. "ரத்தினவேல் சார், புதுசு ஒண்ணு அனுப்பிட்டு விஷயத்தை முடின்னாரு. இது சும்மாவே உடையற ஸ்டீலா, மேடம்? நான் ஊரெல்லாம் சொல்லி வித்திருக்கேன். என் தங்கச்சி நிம்மி வீட்டுக்கும் ஒண்ணு குடுத்திருக்கேன்."

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரீடிங் எழுதியதையும். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்ததும் அவன் எழுந்து வெளியே போனான். சன்னல் வழியாகப் பார்த்தேன், தங்கைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

சரிதான். அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நான் யாருக்கும் போன் செய்யவில்லையே. எழுபத்தொன்பது வீடுகளில் இப்போது யாரோ ஒருவர் பரங்கிக்காய் வாங்கி வைத்திருப்பார்.

ஜூலை 24 – வியாழன்

எம்.டி.க்கு எழுதி அனுப்பிவிட்டேன். ரத்தினவேல் சாருக்கும் நகல். நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன். முதலில் எழுதியதில் "கீழ்த்தட்டின் அளவுகள் முறைப்படி எடுக்கப்படவில்லை" என்று இருந்தது. யாரால் எடுக்கப்படவில்லை? அதை அடித்துவிட்டு, "கீழ்த்தட்டை நான் சோதிக்கவில்லை. சோதித்ததாகப் பொய் எழுதினேன்" என்று போட்டேன். பெல்ட் அறுந்ததையும், பரங்கிக்காய்ச் சோதனையையும், மடிக்கேரி படத்தையும் சேர்த்தேன். விற்றது, ஊழியர்களுக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும், அதுவரை உபயோகிக்க வேண்டாம் என்று இன்றே சொல்ல வேண்டும் என்று முடித்தேன்.

அனுப்பியபின் பசித்தது. கேன்டீனில் இரண்டு செட் தோசை சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அருணிடம் சொன்னேன். அவர் ஐ.டி. கம்பெனி வளாகத்தில் எலெக்ட்ரிக்கல் பார்க்கிறவர். பெல்ட், காற்றாடி எல்லாம் உடனே புரிந்தது. மற்றது புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

"அப்போ அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னது?"

"பொய்ங்க."

"அக்காகிட்ட முறுக்கக் கூடாதுன்னு–"

"சொல்லவே இல்ல."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு" என்றார்.

ஜூலை 26 – சனி

சொன்னேன்.

நங்கை ரப்பர் பேண்ட் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பத்து முறை மடக்கி, பத்து முறை விட வேண்டும். நான் பேசப் பேச எண்ணுவதை விடவில்லை. ஆறு, ஏழு என்று உதடு மட்டும் அசைந்தது. அடுப்பு, தட்டு, பஸ், பொய் ரீடிங். கடைசியாக ஆஸ்பத்திரியில் நான் சொன்னது.

பத்து எண்ணி முடித்தார்.

"கத்தி கெட்ட கத்தின்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினாலாந்தேதிங்க நங்கை."

"இன்னைக்குத் தேதி என்ன?"

"இருபத்தாறு."

"பன்னெண்டு நாளு." கையை மடியில் வைத்துக்கொண்டார். "கத்தி உடைஞ்சுது, விரல் போச்சு, அது விதின்னு வெச்சுக்கலாம். மெஷினு கெட்டுப் போகும். நீயும் மனுஷிதான், பஸ்ஸுக்கு ஓடியிருப்பே. நான் அதைச் சொல்லல. பன்னெண்டு வருசமா கத்தி புடிக்கறவ நானு. எழுவது பேருக்கு அரியறவ. என்னையப் போயி கத்தி புடிக்கத் தெரியாதவன்னு ஆக்கிப்புட்டியே. என்ற தம்பி எனக்குப் புத்தி சொல்றான், நீ பக்கத்துல நின்னு டம்ளர் கழுவறே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நானே அப்படி நெனைச்சுட்டேன் தெரியுமா? தனியா ஒக்காந்து, அன்னைக்கு எப்படி முறுக்குனேன், எப்படி முறுக்குனேன்னு கையத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தேன். இந்தக் கையோட."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அழுதேன், அதில் சரியாக வந்ததா தெரியவில்லை.

"நீ போ ப்ரியா. இப்ப போ." கண்ணு என்று கூப்பிடவில்லை.

வாசலில் கெம்பம்மா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 30 – புதன்

எம்.டி. நேரில் வந்தார். இரண்டு மணி நேரம் கூட்டம். திரும்பப் பெறுவது என்று முடிவாயிற்று. நல்ல மனதா, மடிக்கேரிக்காரர் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவார் என்ற பயமா, தெரியவில்லை. எனக்கு எதுவானாலும் சரி.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ரத்தினவேல் சாரை ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது நான் மேலே நின்றேன். எட்டு வருடம்.

வாடிக்கையாளர் பட்டியலை வைத்துக்கொண்டு நீல் ஒவ்வொருவருக்கும் போன் செய்கிறான். நான் கிளம்பும்போது அறுபத்து மூன்று பேரிடம் பேசியிருந்தான். குரல் கட்டிப்போய், எனக்குக் கையை மட்டும் ஆட்டினான்.

ஆகஸ்ட் 11 – திங்கள்

எழுபத்தொன்பதில் எழுபத்தேழு வந்துவிட்டதாக நீலிடமிருந்து செய்தி. ஒருவர் வீடு மாறிவிட்டாராம். ஒருவர் தர மாட்டேன் என்கிறாராம், நன்றாக வெட்டுகிறதாம்.

ஆகஸ்ட் 29 – வெள்ளி

ஒரு இன்டர்வியூ. முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். உங்கள் நேர்மைக்கு நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பகலில் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது. அருண் பேசுகிறார், சாப்பிடுகிறார், விளக்கை அணைக்கிறாயா என்று கேட்கிறார். முன்பு போல என் கதைகளைக் கேட்பதில்லை. இருக்கட்டும்.

வாரத்துக்கு இரண்டு முறை நங்கையை விரல் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார். நான் கேட்காமலே வந்து சொல்கிறார்: நடுவிரல் பாதி மடங்குகிறது. ஆள்காட்டி விரல் அசைகிறது, மடங்கவில்லை. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டதாம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றாம், தான் பேசியதற்கு. "என்ன சொன்னாங்க?" என்றேன். "தலையில ஒரு கொட்டு வெச்சா" என்றார். எனக்கு அந்தக் கொட்டு கிடைக்குமா?

செப்டம்பர் 7 – ஞாயிறு

மெஸ்ஸைத் திறந்துவிட்டார்களாம். எனக்கு அழைப்பு இல்லை. அருண் மட்டும் போய் வந்தார். சட்டையில் தாளிப்பு வாசனை.

செப்டம்பர் 19 – வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. அதே ஹெப்பாளில், விவசாயக் கருவிகளுக்கு அலகு செய்யும் சின்னப் பட்டறை. கரும்பு வெட்டும் கத்தி, தேங்காய் உரிக்கும் கம்பி. எல்லாம் சாதாரண எஃகு. இங்கேயும் சொன்னேன், முழுவதும். முதலாளி தேவநேசன், வயதானவர், காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை கத்திச் சொன்னேன், பட்டறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

"கீழ்த்தட்டு எங்க இருக்குன்னு இனிமே உனக்குத் தெரியுமில்ல?" என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

செப்டம்பர் 30 – செவ்வாய்

இன்று பன்னிரண்டு அலகு சோதிக்க வேண்டும். பன்னிரண்டும் பார்த்தேன். பஸ் போய்விட்டது. தசராக் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 8 – புதன்

மாலை ஆறு மணிக்கு நங்கையின் போன். எழுபத்து நான்கு நாளுக்கு அப்புறம். பெயரைப் பார்த்ததும் விரலுக்கோ மெஸ்ஸுக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பின்னால் பாத்திரச் சத்தம்.

"சந்தேப்பேட்டைக் கடையில நிக்கறேன். கத்தி எடுக்கோணும். கடைக்காரரு வெலை கூடுனதாத்தான் எடுத்து எடுத்துப் போடறாரு. ஜப்பான்ங்கறாரு, ஜெர்மனிங்கறாரு. எது எடுக்கறது?"

எதெல்லாம் வெட்ட என்று கேட்டேன்.

"எல்லாந்தான். சேனை, பரங்கி, வெங்காயம்."

"விலை கூடினது கூர் நிக்குங்க நங்கை. ஆனா கெட்டியான காய்ல தாங்காது. மெஸ்ஸுக்கு மலிவான ஸ்டெயின்லெஸ்ஸே போதும். மழுங்கும், வாரத்துக்கு ரெண்டு தடவை தீட்டணும். முறுக்கினா வளையும், உடையாது. நீங்க முறுக்கற மாதிரியே முறுக்கலாம்."

கடைக்காரர் ஏதோ சொல்வது கேட்டது. நங்கை அவரிடம், "இருங்க, இதைப் பத்தித் தெரிஞ்சவகிட்ட கேட்டுட்டு இருக்கேன்" என்றார்.

பிறகு என்னிடம், "புடி தடியா பாக்கட்டுமா? இந்த ஒரு விரல் மடங்க மாட்டேங்குது, காயைச் சரியா அமுக்கிப் புடிக்க முடியறதில்ல. வெட்டற கையாச்சும் நல்லா நிக்கோணும்."

"தடியா பாருங்க. வழுக்காததா."

"சரி."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம கெம்பம்மா அவ ஊருக்குப் போறா. வெங்காயம் அரிய ஆளில்ல. வர்றியா?"

வருகிறேன் என்றேன். போன் ஏற்கெனவே அணைந்திருந்தது, கேட்டதா தெரியவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்கவும் மறந்துவிட்டேன். எழுபது பேருக்கு என்றால் ஆறு மணிக்காவது ஆரம்பிக்க வேண்டும். ஐந்தரைக்கே போய்விடலாம்.